எவ்வளவு வந்தால் சேர்த்துக்கொள்வீர்கள்? பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

போன வருடம் ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு ஒரு அம்மா தன் மகனை என் அறைக்குக் கூட்டிவந்தார். பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அம்மாவின் கையில் பள்ளி முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டு. "மாணவர் பாடத்தில் கவனம் செலுத்துவதில்லை. ஐக்யூ டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டுடன் வரவும்." கீழே ஒரு கையெழுத்து. எந்தப் பாடத்தில் கவனம் இல்லை, எப்போதிலிருந்து, வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், கண்ணும் காதும் பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை இல்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மா கேட்டார்: "எவ்வளவு வந்தா மேடம் சேத்துக்குவாங்க?"

இருபது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்துவருகிறேன். இந்தக் கேள்வியை நான் கேட்பது முதல் தடவையும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பாஸ் மார்க் என்ற ஒன்றே இல்லாத சோதனைக்கு அவர் பாஸ் மார்க் கேட்டார். அப்படி நினைக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். அதில் என் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

பையனிடம் நான்கு எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன். இரண்டு சொன்னான். கேள்வி கேட்கும்போதெல்லாம் என் உதட்டையே பார்த்தான். தலையை லேசாகத் திருப்பி வலது காதைக் கொடுத்தான். பத்து நிமிடத்தில் சோதனைக் கிட்டை மூடி வைத்துவிட்டேன். காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால், ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும். காது டாக்டரிடம் அனுப்பினேன். அடிக்கடி சளி பிடித்து இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது, இடது பக்கம் அதிகம். வகுப்பில் அவன் உட்கார்ந்திருந்தது கடைசி பெஞ்சில். சிகிச்சை முடிந்து நான்கு மாதம் கழித்து மறுபடி வரவழைத்து முழுச் சோதனையும் செய்தேன். அவன் வயதுக்கு உரியதை எல்லாம் செய்தான். அந்த முதல் வியாழக்கிழமையே நான் சோதனையை முடித்துக் கூட்டிப் போட்டிருந்தால், அந்த எண் உங்கள் அலமாரியில் அவன் கோப்பில் ஏறியிருக்கும். காது சரியான பிறகும் அது அங்கேயே இருந்திருக்கும்.

நான் சோதனைக்கு எதிராக எழுதவில்லை. இது என் தொழில். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்குச் சான்றிதழ் வாங்கவும், அரசு உதவித்தொகை கிடைக்கவும், எழுத்துப் படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கவும் இந்த அறிக்கை உதவுவதைக் கண்ணால் பார்த்துவருகிறேன். அந்தத் துண்டுச் சீட்டைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். அதற்கு இந்தச் சோதனை எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பி.எட். படிப்பில் நீங்களும் எழுதியிருப்பீர்கள்: நுண்ணறிவுச் சோதனையின் தந்தை ஆல்ஃபிரெட் பினே, நுண்ணறிவு ஈவு, அதாவது ஐக்யூ, என்பது மன வயதைக் கால வயதால் வகுத்து 100ஆல் பெருக்குவது. இரண்டு வரியும் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டும் ஒரே ஆளுடையது என்றே நம் மனதில் பதிந்துவிட்டது. இரண்டாவது வரி பினேவுடையது இல்லை. அவர் இறந்த பிறகு வந்தது.

பிரான்ஸில் 1881இல் தொடக்கக் கல்வி இலவசமானது. 1882இல் 6 முதல் 13 வயது வரை கட்டாயமானது. அதுவரை பள்ளிப் படியே மிதிக்காத வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வகுப்பறைக்குள் வந்தார்கள். சிலரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர்களை என்ன செய்வது என்று யோசிக்க 1904இல் பொதுக் கல்வி அமைச்சர் ஒரு குழுவை அமைத்தார். அதில் பினேவும் இருந்தார். பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். சட்டம் படித்துவிட்டு, தேசிய நூலகத்தில் உட்கார்ந்து தானாகவே உளவியல் கற்றுக்கொண்டவர்.

அந்தக் குழு எடுத்த ஒரு முடிவை நீங்கள் நிறுத்திப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மந்தமானவன் என்று சந்தேகிக்கப்படும் எந்தக் குழந்தையையும், முறையான சோதனை இல்லாமல் சாதாரணப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனி வகுப்புக்கு அனுப்பக் கூடாது. ஆசிரியர் சொன்னார், டாக்டர் ஒரு பார்வை பார்த்தார் என்பது போதாது. ஆக, சோதனை என்ற எண்ணமே குழந்தையை வெளியே அனுப்புவதற்கு முன் போட்ட தடையாகத்தான் பிறந்தது. வாசலில் நின்று, "பொறுங்கள், முதலில் பார்ப்போம்" என்று சொல்வதற்காக வந்தது.

தடை எதற்கு என்பதையும் பினே மறைக்கவில்லை. மனநல விடுதிகளில் ஒரே நோயாளிக்குச் சில நாள் இடைவெளியில் கொடுக்கப்பட்ட சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். ஒரு டாக்டர் ஒரு பெயர் எழுத, இன்னொருவர் வேறு பெயர் எழுதியிருந்தார். பள்ளிகளைப் பற்றியும் சொன்னார். தொந்தரவு கொடுக்கும் பிள்ளைகளைக் கழித்துவிட இது நல்ல சந்தர்ப்பம் என்று சில தலைமையாசிரியர்கள் நினைப்பார்கள், அடங்காத பையனையும் படிப்பில் ஆர்வம் இல்லாதவனையும் சேர்த்துப் பட்டியலில் எழுதிவிடுவார்கள் என்று 1905லேயே எழுதி வைத்தார். உங்களைக் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்தையும் முடித்து, தேர்ச்சி விகிதத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியரின் பாடு எனக்குத் தெரியும். இந்தச் சபலம் நூறு வருடத்துக்கு மேல் பழையது, சோதனையை உருவாக்கியவரே அதை எதிர்பார்த்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பினேவும், தியோடோர் சிமோன் என்ற இளம் மருத்துவரும் சேர்ந்து 1905இல் வெளியிட்ட அளவுகோலில் 30 சோதனைகள். முதல் சோதனை என்ன தெரியுமா? ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் குழந்தையின் கண் முன்னால் மெல்ல நகர்த்துவது. கண்ணும் தலையும் பின்தொடர்கின்றனவா என்று பார்ப்பார்கள். கொஞ்சம் தள்ளி, ஒரு சாக்லேட் துண்டையும் அதே அளவு மரத்துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். எதை வாயில் போடுகிறது? அப்புறம் காகிதத்தில் சுற்றிய மிட்டாய், பிரிக்கத் தெரிகிறதா? மேலே போகப் போக, ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வித்தியாசம், மரத்துக்கும் கண்ணாடிக்கும் என்ன வித்தியாசம், பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் சிறு பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து எடை வரிசையில் அடுக்கு, மடித்து வெட்டிய காகிதத்தைப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டு. பள்ளிப் பாடத்தில் சொல்லிக்கொடுத்ததைக் கேட்காமல் இருக்க முடிந்தவரை முயன்றார். பள்ளிக்கு வராத குழந்தை, அதனாலேயே மந்தமானவன் ஆகிவிடக் கூடாது என்பது அவர் கவலை.

எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கும் விதி எழுதினார். சத்தம் இல்லாத தனி அறை. குழந்தையை நட்போடு வரவேற்க வேண்டும். பயப்படுகிறது என்றால் தைரியம் சொல்ல வேண்டும். முதல்முறை பார்க்கிற குழந்தை என்றால் அதற்குத் தெரிந்த ஒருவர் கூட இருக்கலாம்; உறவினரோ பள்ளியைச் சேர்ந்தவரோ, யாராக இருந்தாலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைக்கும் நான் அறைக் கதவைச் சாத்தும்போதெல்லாம் இந்த விதிகள் ஞாபகம் வரும். எங்கள் அறைக்கு வெளியே லேத் பட்டறை இருக்கிறது. வியாழக்கிழமை அது விடுமுறை என்பதால்தான் வியாழக்கிழமை பார்க்கிறேன்.

1908இல் சோதனைகளைத் திருத்தி, புதிதாகவும் சேர்த்து, வயது வாரியாக அடுக்கினார். 203 பாரிஸ் குழந்தைகளிடம் செய்து பார்த்து, பெரும்பாலான ஐந்து வயதுக் குழந்தைகள் எதைச் செய்கிறார்கள், ஆறு வயதினர் எதைச் செய்கிறார்கள் என்று வகுத்தார். மன வயது என்று நாம் சொல்வது இங்கிருந்து வந்தது. அவர் விரும்பிப் பயன்படுத்திய சொல் "மட்டம்". இந்தக் குழந்தை இன்றைக்கு எந்த மட்டத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் கேள்வி. இந்த நிலை மாறுமா, எவ்வளவு மாறும், எதனால் வந்தது என்பதற்கெல்லாம் இந்த அளவுகோல் பதில் சொல்லாது என்று அவரும் சிமோனும் தெளிவாக எழுதினார்கள். துணியை முழம் போட்டு அளப்பது போல அறிவை அளக்க முடியாது, ஒரு திறமையை இன்னொன்றின் மேல் அடுக்கிக் கூட்ட முடியாது என்றும் எழுதினார்கள்.

இந்தப் பணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு இடத்திலிருந்து என்று நினைக்கிறேன். ஒன்று, அவருடைய இரண்டு பெண் குழந்தைகள், மதலேன், அலீஸ். நடக்கப் பழகியபோது மூத்தவள் நாற்காலியைப் பிடித்து, அப்புறம் மேசையைப் பிடித்து, அடுத்த பிடி எங்கே என்று பார்த்துப் பார்த்து நடந்தாள். இளையவள் எதையும் பிடிக்காமல் நேரே அறையின் நடுவுக்குப் போனாள். இரண்டு பேரும் நடந்தார்கள். இரண்டு பேருடைய புத்தியும் வேறு வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதை வருடக்கணக்கில் குறித்துவைத்த அப்பா அவர்.

இன்னொன்று, மண்டை அளந்த கதை. அந்தக் காலத்தில் பெரிய தலை என்றால் பெரிய அறிவு என்று நம்பினார்கள். பினேவும் நம்பித்தான் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் தலையை அளந்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் பின்தங்கியவர்களுக்கும் இடையே கிடைத்த வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அப்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவன் கெட்டிக்காரன் என்று தெரிந்துகொண்டே அளக்கிறேனே, என் கை என்னையும் அறியாமல் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறதோ? தன்னையே சோதித்துப் பார்த்தார். எதிர்பார்த்த பக்கமே அளவு சாயத்தான் செய்தது. அதை அச்சில் ஒப்புக்கொண்டு, அந்த வழியை விட்டுவிட்டார். என் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும், சீட்டு எழுதும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது. "கவனம் செலுத்துவதில்லை" என்று நீங்கள் எழுதிய சீட்டைப் படித்துவிட்டுத்தான் நான் அந்தக் குழந்தையைப் பார்க்கிறேன்.

சோதித்த பிறகு என்ன செய்தார்? பாரிஸில் கிராஞ்ச்-ஓ-பெல் தெருவில் ஒரு தொடக்கப் பள்ளி. அதன் தலைமையாசிரியர் விக்தோர் வானே. உங்களைப் போல ஒருவர். அவருடைய பள்ளிக்குள்ளேயே 1905இல் பினே ஒரு கல்வி ஆய்வுக்கூடம் வைத்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கான வகுப்புகளில் என்ன பாடம் நடந்தது தெரியுமா? சிலை விளையாட்டு. ஆசிரியர் சைகை காட்டியதும் எல்லாரும் அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். முதல் நாள் வகுப்பே கலகலத்துப் போகும். பழகப் பழக நிற்கும் நேரம் கூடும். அப்புறம் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தைச் சிந்தாமல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவது. ஒரு பலகையில் பல பொருள்களை ஒட்டி, சில நொடிகள் மட்டும் காட்டி, என்னென்ன பார்த்தாய் என்று கேட்பது. கவனம் என்பது இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிடும் சமாசாரம் இல்லை. கையும் காலும் போலப் பயிற்சி கொடுத்து வளர்ப்பது என்றார். கூன் விழுந்த முதுகை நிமிர்த்தும் வைத்தியத்தின் பெயரையே இதற்கும் வைத்து, "மனத்தை நிமிர்த்தும் வைத்தியம்" என்றார். முதலில் எப்படிக் கற்பது என்று கற்றுக்கொடுக்க வேண்டும், இலக்கணமும் கணக்கும் அப்புறம்தான்.

1909இல் குழந்தைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அத்தியாயங்களை அடுக்கியிருக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் பள்ளியில் குழந்தை. அடுத்து குழந்தையின் உடம்பு. அடுத்து புலன்கள், அதாவது கண்ணும் காதும். அதற்குப் பிறகுதான் அறிவு. கரும்பலகை தெரியாத குழந்தையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறார்களே என்று வருந்தி, ஆசிரியரே வகுப்பில் பார்வையைச் சோதிக்க வழி சொன்னவர் அவர். என் அறைக்கு வந்த பையனுக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழாக நடந்தது. முதலில் அறிவுச் சோதனை. காதைப் பார்த்தது அதற்குப் பிறகு, அதுவும் தற்செயலாக.

அதே புத்தகத்தில் ஒரு கோபமும் இருக்கிறது. பட்டப்படிப்புக்கு முந்தைய தேர்வில் சொல்லப்பட்ட ஒரு பதிலால் எரிச்சலடைந்த பேராசிரியர், பதில் சொன்னவருக்கு ஒருநாளும் தத்துவ மனம் வராது என்று சொல்லிவிட்டாராம். "ஒருநாளும்" என்ற அந்தச் சொல்லை பினேவால் பொறுக்க முடியவில்லை. ஒருவருடைய அறிவு மாறாத அளவு, அதைக் கூட்ட முடியாது என்று சொல்லும் கொடூரமான அவநம்பிக்கையை எதிர்த்தே ஆக வேண்டும் என்று எழுதினார். இரண்டு வருடத்தில், 1911 அக்டோபரில், 54 வயதில் இறந்துபோனார்.

அவர் இறந்த அடுத்த வருடம் ஜெர்மனியில் உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதைக் கால வயதால் வகுத்தார். 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் அதை 100ஆல் பெருக்கி, பினேவின் பெயரையும் சேர்த்து வெளியிட்டார். பத்து வயதுப் பையன் எட்டு வயது மட்டத்தில் இருந்தால் 80. "இரண்டு வருடம் பின்தங்கியிருக்கிறான்" என்று கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? என்ன சொல்லிக்கொடுக்கலாம், எப்போது எட்டிப் பிடிப்பான் என்று தோன்றும். "80" என்று கேட்டால் அப்படி ஒன்றும் தோன்றாது. அது உயரம், நிறம் போல அவனோடு ஒட்டிக்கொண்ட குணமாகிவிடுகிறது. 1961 வரை வாழ்ந்த சிமோன், இந்த ஈவு தங்கள் அளவுகோலின் நோக்கத்துக்கே துரோகம் என்று சொன்னார்.

அமெரிக்காவில் அப்புறம் நடந்ததை எல்லாம் எழுத இந்த மடல் காணாது. நியூ ஜெர்சியில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வைன்லாண்ட் பள்ளியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன உளவியலாளர் ஹென்றி காடர்ட் இந்த அளவுகோலைக் கொண்டுவந்து மொழிபெயர்த்தார். கப்பலிலிருந்து இறங்கிய ஏழைகளையும் அதை வைத்துச் சோதித்தார். முதல் உலகப் போரில் 17 லட்சம் பேருக்கு மேல் ராணுவத்தில் சோதனை எழுதினார்கள். போர் முடிந்ததும் அதே பாணியில் தாளில் எழுதும் சோதனைகள் பள்ளிகளுக்குள் நுழைந்தன. ஒரே ஒரு குழந்தையின் கதையை மட்டும் சொல்கிறேன்.

வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண். ஸ்டான்ஃபோர்ட்-பினே சோதனையில் அவளுடைய மன வயது ஒன்பது என்று எழுதினார்கள். அவள் அம்மாவுக்கு எட்டுக்கும் கீழே. குறை பரம்பரையாக வருகிறது என்று நிறுவ, மூன்றாம் தலைமுறையும் அப்படித்தான் என்று காட்ட வேண்டுமே? கேரியின் கைக்குழந்தை விவியனை, ஏழு மாதம்தான் இருக்கும், ஒரு சமூகப் பணியாளர் பார்த்துவிட்டு, பார்வையில் ஏதோ சரியில்லை என்று சாட்சி சொன்னார். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரிக்குக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. செய்துவிட்டார்கள். விவியன் வளர்ந்து பள்ளிக்குப் போனாள். 1931இல் நன்றாகப் படிப்பவர்களின் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அடுத்த வருடம் எட்டு வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனாள். அந்த மதிப்பெண் அட்டையை எந்த நீதிமன்றமும் கேட்டுப் பார்க்கவில்லை.

பள்ளிக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. 1970இல் கலிஃபோர்னியாவில் ஒன்பது குழந்தைகளின் சார்பில் வழக்கு. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டுவிட்டார்கள். ஸ்பானிஷிலும் பதில் சொல்லலாம் என்று மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே இல்லை என்று தெரிந்தது. இனிமேல் குழந்தையின் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று உடன்பாடு ஆனது. நம் ஊரில் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருக்கிறார்கள். ஒசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும், மதுரையில் சௌராஷ்டிரமும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சீட்டில் அதை யாரும் எழுதுவதில்லை.

நம் நாட்டுக்கு வந்த கதையும் பழசுதான். லாகூரில் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ரைஸ் 1920களில் ஹிந்துஸ்தானியில் பினே அளவுகோலை அமைத்தார். 1930களில் வி.வி. காமத், கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளை வைத்து இன்னொன்றை உருவாக்கினார். நாங்கள் எல்லாரும் "பினெட் காமத்" என்று சொல்லும் பெட்டி அதுதான். இன்றைக்கும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. உங்கள் மேசைக்கு வரும் அறிக்கைகளில் பாதிக்கு மேல் அதன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால், வேறு மொழியில், வேறு ஊர்ப் பிள்ளைகளை வைத்துக் குறித்த மட்டங்கள் அவை. பயிற்சி உள்ளவர் கையில், குழந்தையின் அன்றாட நடமாட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது இன்னும் பயன்படுகிறது. அதில் கிடைக்கும் 78க்கும் 84க்கும் நடுவில் கோடு கிழித்து ஒரு பிள்ளையின் இடத்தை முடிவு செய்ய அது தாங்காது. என் கையெழுத்து போட்டுக் கொடுக்கும் அறிக்கையைப் பற்றியே சொல்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13: சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எந்த வடிகட்டும் முறைக்கும் உட்படுத்தக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்து ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரை அபராதம். பிரிவு 16: எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது. "டி.சி. வாங்கிக்கங்க, உங்க பையனுக்கு ஏத்த ஸ்கூல் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னாலும் அது வெளியேற்றம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைபாடு உண்மையிலேயே இருந்தாலும் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்குத் தெரியும். அவர்களிடமும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அபராதத்துக்குப் பயந்து ஒரு குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை.

நான் கேட்பது அந்தச் சீட்டை மாற்றி எழுதத்தான். ஐக்யூ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளையால் எது முடிகிறது, எங்கே தடுமாறுகிறது என்று வகுப்பு ஆசிரியர் கைப்பட நாலு வரி எழுதட்டும். "தமிழ் எழுத்து எல்லாம் தெரியும், சேர்த்து வாசிக்க வரவில்லை, மனக்கணக்கு நன்றாகப் போடுவான்" என்ற ஒரு வரி எனக்கு ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். எந்த பெஞ்சில் உட்காருகிறான், கண்ணும் காதும் எப்போது சோதித்தது, வீட்டில் எந்த மொழி, எத்தனை நாள் லீவு. அதற்கும் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்: அறிக்கை வந்த பிறகு பள்ளி அவனுக்காக என்ன செய்யப்போகிறது. அதற்கு எழுத ஒன்றும் இல்லை என்றால் பிள்ளையை என்னிடம் அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் என்னிடம் எண்ணைத் தவிரத் தர ஒன்றும் இருக்காது.

அறிக்கையை வருகைப் பதிவேட்டோடு சேர்த்து ஸ்டாஃப் ரூமில் வைக்காதீர்கள். அந்த எண்ணைச் சக ஆசிரியரிடம் சொல்லாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கை என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மறுபடி அனுப்புங்கள். குழந்தைக்கு முன்னால் "ஸ்லோ லேர்னர்" என்று பேசாதீர்கள். காது கேட்காத பையன்கள்கூட அந்தச் சொல்லை மட்டும் சரியாகக் கேட்டுவிடுகிறார்கள்.

போன மாதம் அந்த அம்மா மறுபடி வந்திருந்தார், இந்தத் தடவை மகளுக்கு. அவளுக்கு ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டில் சொன்னார்களாம், காது பார்த்துக்கொள்ளலாம் என்று. பையன் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான். இப்போது இரண்டாவது பெஞ்சு. வகுப்பு ஆசிரியையே மாற்றி உட்கார வைத்தாராம். கேள்வி கேட்கும்போது அவன் வலது பக்கமாக வந்து நின்று கேட்கிறாராம். இதைச் செய்ய அந்த ஆசிரியைக்கு என் அறிக்கையின் கடைசிப் பக்கம் போதுமாக இருந்தது. முதல் பக்கத்தில் இருந்த எண்ணை அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

உங்களில் யாராவது ஒரு வியாழக்கிழமை வாருங்கள். பெற்றோர் சம்மதத்தோடு, உங்கள் பள்ளியிலிருந்து நீங்கள் அனுப்பும் பிள்ளையோடு நீங்களே வாருங்கள். பினேவின் விதிப்படி குழந்தைக்குத் தெரிந்த ஒருவர் கூட இருக்கலாம். சுவரோரம் ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன். ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை பெட்டிகளைக் கையில் தூக்கிப் பார்த்து அடுக்குவதைப் பாருங்கள். காலையில் அவன் சாப்பிட்டிருக்கிறானா என்று மட்டும் வரும் வழியில் கேட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் மதிப்பீட்டு மையம் ஒன்றில் பணிபுரியும் உளவியலாளர்